பதின்வயதுப் பிள்ளைகளின் முதுகு வளைவுக்குப் பிசியோதெரபி: கொங்குப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபி, பெருந்துறை, தாராபுரம், திருப்பூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்கிற விதத்திலேயே எழுதியிருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், ஆபரேஷன் செய்யும் டாக்டர் அல்ல. பத்து வயதுக்கு மேல், காரணம் பிடிபடாமல் வரும் பக்கவாட்டு வளைவைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பிறவியிலேயே எலும்பு சரியாக உருவாகாமல் வருவதும், மூளை வாதம், தசைச் சிதைவு போன்ற நோய்களோடு வருவதும் வேறு கணக்கு.

ஸ்கோலியோசிஸ்னா என்னங்க? கூன் விழுறதா?

கூன் விழுந்தால் முதுகு முன்பக்கமாக வளையும். ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. வளைவதோடு நிற்காமல் முறுக்கியும் கொள்கிறது. அந்த முறுக்கு விலா எலும்புகளையும் இழுத்துக்கொண்டு போவதால் ஒரு பக்க முதுகு பின்னால் புடைத்துத் தெரியும். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்தப் பெயரைச் சொல்வோம். அளக்கும் முறையை 1948இல் விளக்கி எழுதியவர் ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு டாக்டர். ரிப்போர்ட்டில் ‘காப் ஆங்கிள்’ என்று போட்டிருப்பது அவர் பெயரைத்தான்.

நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும். பெரும்பாலானோருக்குச் சின்ன வளைவு. வாழ்நாள் முழுக்க யாருக்கும் தெரியாமலே போய்விடும். சின்ன வளைவுகளில் பையன், பெண் என்று பெரிய வித்தியாசம் இல்லை. 30 டிகிரியைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் பெண் பிள்ளைகள் பல மடங்கு அதிகம்.

வீட்லயே கண்டுபிடிக்க முடியுங்களா?

முடியும். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலரை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல, தையற்காரர். யூனிஃபார்முக்கு அளவெடுக்கும்போது “அம்மிணிக்கு ஒரு தோள் எறங்கியிருக்குதுங்க, கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்குது” என்பார். இல்லையென்றால் சீருக்குத் தாவணி கட்டிவிடும் அத்தையோ சித்தியோ இடுப்பு ஒரு பக்கம் தூக்கி நிற்பதைப் பார்த்துவிடுவார்கள். வயதுக்கு வரும் பருவத்தில் பெண் பிள்ளைகள் உடம்பை மூடிக்கொள்வதால் அம்மா கண்ணுக்கு அது படுவதே இல்லை. பையன்கள் விஷயத்தில் சட்டையில்லாமல் திரிந்தாலும் யாரும் முதுகைக் கவனிப்பதில்லை, அது வேறு கதை.

கதவைச் சாத்திவிட்டு அம்மா இதைச் செய்து பார்க்கலாம். முதுகு தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் சேர்ந்து, முழங்கால் மடங்காமல், இரண்டு உள்ளங்கையும் ஒட்டியபடி மெதுவாகக் குனியட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, முதுகின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பாருங்கள். முதுகின் இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மேடாக எழுந்தால் அது முறுக்கின் அடையாளம். மொபைலில் மட்டம் பார்க்கும் ஆப் இருந்தால், இரண்டு கட்டைவிரலுக்கும் மேல் போனை வைத்து, விரல்கள் முதுகெலும்பின் இரு பக்கமும் சமமாக விழும்படி குறுக்கே பிடித்து அளக்கலாம். 7 டிகிரி அல்லது அதற்கு மேல் சாய்வு காட்டினால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. இந்த 7 டிகிரி முதுகின் சாய்வு. எக்ஸ்ரேயில் வரும் காப் ஆங்கிள் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெண் பிள்ளைகளை 10 வயதிலும் 12 வயதிலும், பையன்களை 13 அல்லது 14 வயதில் ஒரு தடவையும் இப்படிப் பார்த்தால் போதும்.

ஒரே தோள்ல புத்தகப் பையைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆச்சுங்களா?

இல்லை. பை, போன், ஒருச்சாய்ந்து படுப்பது, ஸ்கூட்டியில் பின்னால் கோணலாக உட்கார்ந்து போவது எதுவும் இந்த வளைவைக் கொண்டுவருவதில்லை. கனமான பையால் முதுகு வலிக்கலாம். வலி வேறு, வளைவு வேறு. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அடுத்தவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உறுதி. அதனால் அக்காவுக்கு இருந்தால் தங்கையையும் தம்பியையும் பார்த்துவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. “நான் சொன்னப்பவே நீ நேரா உக்காந்திருந்தா” என்று பிள்ளையைத் திட்டுகிற அப்பாக்களைப் பார்க்கிறேன். பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. திட்டு வாங்கிய பிள்ளை பயிற்சியையும் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும்.

எத்தனை டிகிரிக்கு என்ன வைத்தியம்?

பொதுவான கணக்கு இது: 25 டிகிரிக்குக் கீழே என்றால் பயிற்சியும் கண்காணிப்பும். இன்னும் வளர வேண்டிய பிள்ளைக்கு 25 முதல் 40, 45 வரை என்றால் பிரேஸ் (உடம்பைச் சுற்றிப் போடும் கெட்டி பிளாஸ்டிக் கூடு), கூடவே பயிற்சி. 45, 50ஐத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரும்.

ஆனால் டிகிரி பாதிக் கதைதான். மீதிக் கதை, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரப்போகிறது என்பது. வளைவு கூடுவது பெரும்பாலும் உயரம் மடமடவென்று ஏறும் காலத்தில்தான். 11 வயதில் 22 டிகிரியோடு வரும் பெண்ணைப் பார்த்து நான் பயப்படும் அளவுக்கு 16 வயதில் 30 டிகிரியோடு வரும் பெண்ணைப் பார்த்துப் பயப்பட மாட்டேன். முதல் பெண்ணுக்கு இன்னும் பந்தயமே ஆரம்பிக்கவில்லை.

வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்? எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பார்த்து 0 முதல் 5 வரை ‘ரிஸர்’ எண் போடுவார்கள். 0, 1 என்றால் வளர்ச்சி நிறைய பாக்கி. 4, 5 என்றால் முடியும் தறுவாய். பெண் பிள்ளைக்கு இன்னொரு அளவுகோல், வயதுக்கு வந்த தேதி. உயரம் வேகமாக ஏறுவது அதற்கு முந்தைய சில மாதங்களில்தான். வந்த பிறகு சுமார் இரண்டு வருடம் மெதுவான வளர்ச்சி இருக்கும். தேதி கேட்டால் பல அம்மாக்கள் தெரட்டிச் சீர் பத்திரிகையில் இருக்கும் தேதியைச் சொல்கிறார்கள். முகூர்த்தம், அறுவடை, பங்காளிகளின் சௌகரியம் எல்லாம் பார்த்துச் சீரை மாதக்கணக்கில் தள்ளி வைத்திருப்பார்கள். எனக்கு வேண்டியது சீர் வைத்த தேதி அல்ல, முதல் மாதவிலக்கு வந்த தேதி. ஆறு மாதம் மாறினால் வைத்தியமே மாறும்.

“அடுத்த லீவுக்குப் பார்த்துக்கலாம்” என்று வளரும் பிள்ளையை ஒரு வருடம் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மற்ற எதை வேண்டுமானாலும் பேசித் தீர்க்கலாம். போன வளர்ச்சியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பிசியோதெரபி பண்ணினா நேராயிடுங்களா?

நேராகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். வளைவு கூடாமல் தடுப்பது, மூச்சையும் தசையையும் பலப்படுத்துவது, பார்வைக்கு உடம்பு சமமாகத் தெரியும்படி பிள்ளை தானே நிமிரக் கற்றுக்கொள்வது, இவைதான் குறிக்கோள். சிலருக்குச் சில டிகிரி குறைகிறது. அது உபரி லாபம்.

ஆய்வுகள் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 50 பிள்ளைகளை வைத்துச் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான வைத்தியத்தோடு ஷ்ராத் என்ற சிறப்புப் பயிற்சியையும் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) ஆறு மாதம் சேர்த்துச் செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட மூன்று நான்கு டிகிரி நன்மை தெரிந்தது. அதே வருடம் துருக்கியிலிருந்து வந்த ஆய்வில், பிசியோ பக்கத்தில் நின்று செய்ய வைத்த குழு முன்னேறியது. சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட குழு முன்னேறவில்லை. ஸ்வீடனிலிருந்து 2024இல் வந்த முடிவு எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் கசப்பானது: 25 முதல் 40 டிகிரி வரை உள்ள பிள்ளைகளில், ராத்திரி மட்டும் பிரேஸ் போட்டவர்கள் நல்ல பலன் கண்டார்கள், பிரேஸ் இல்லாமல் சிறப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்கள், சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிடத் தெளிவாக முந்தவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இது: சின்ன வளைவுக்குப் பயிற்சி செய்து பார்ப்பது நியாயம். 25ஐத் தாண்டி, வளர்ச்சியும் பாக்கி இருந்தால், பயிற்சி பிரேஸுக்குத் துணையே தவிர அதற்கு மாற்று அல்ல. “பிரேஸ் வேண்டாங்க, எக்சர்சைஸ் மட்டும் கொடுங்க” என்று கேட்டு வருகிறவர்களை எலும்பு டாக்டரிடமே திருப்பி அனுப்புகிறேன்.

அப்படி என்னதான் பயிற்சி? ஜிம்முல செய்யறதா?

ஜிம்மில் செய்வது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வளைந்த முதுகுக்கு இடதும் வலதும் ஒன்றல்ல. அதனால் பயிற்சியும் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

உலகம் முழுக்கப் பரவியிருப்பது ஷ்ராத் முறை. கதரீனா ஷ்ராத் என்ற ஜெர்மானியப் பெண், தனக்கே முதுகு வளைந்திருந்தவர், 1921இல் மைசன் ஊரில் சின்னதாக ஒரு நிலையம் தொடங்கினார். பலூனுக்குள் காற்று போகும்போது அமுங்கிய இடம் நிமிர்வதைப் பார்த்து, அமுங்கிய விலாப் பக்கத்துக்கு மூச்சை அனுப்பினால் என்ன என்று யோசித்ததுதான் தொடக்கம். அவர் மகள் கிறிஸ்டா அதை வளர்த்தெடுத்தார். இத்தாலியிலும் போலந்திலும் பிறகு வேறு முறைகளும் வந்தன. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்று: பிள்ளை தன் வளைவைத் தானே உணர்ந்து, தானே திருத்தி, அந்த நிலையை அன்றாட வேலையிலும் பிடித்து வைப்பது.

ஒரு பயிற்சி நேரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பிள்ளை வெறுங்காலோடு ஆளுயரக் கண்ணாடி முன் நிற்கும். முதல் வேலை, ஒதுங்கிப் போயிருக்கும் இடுப்பை இரண்டு பாதத்துக்கும் நடுவில் கொண்டுவருவது. அடுத்தது முதுகை மேல்நோக்கி நீட்டுவது. “நிமிர்ந்து நில்” என்றால் எல்லாப் பிள்ளைகளும் நெஞ்சைத் தள்ளி, பின்முதுகை உள்ளே வளைத்துக்கொள்ளும், அது வேண்டாம். அதனால் உச்சந்தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, என் உள்ளங்கையால் லேசாக அமுக்கி, “இதை மேலே தள்ளு கண்ணு” என்பேன். தோள் தூக்காமல், தாடை ஏறாமல் தள்ள வேண்டும்.

அதன் பிறகு மூச்சு. அமுங்கிய பக்க விலாவின் மேல் இரண்டு விரலை வைத்து, “என் விரலைத் தள்ளுற மாதிரி இங்கே மூச்சை இழு” என்பேன். முதல் நாள் யாருக்கும் வராது. வயிறு உப்பும், தோள் ஏறும், சிரிப்பு வரும். சில வாரம் போனால் விரலுக்கு அடியில் அந்த விலா துளியூண்டு அசைவது தெரியும். அசைந்ததும் பிள்ளைக்கே தெரியும். முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். மூச்சை விடும்போது பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று விட்டுக்கொண்டே, நிமிர்ந்த நிலை கலையாமல் உடம்பு முழுக்க இறுக்கிப் பிடிக்க வேண்டும். பார்க்கச் சும்மா நிற்பது போல இருக்கும். நாலு மூச்சில் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிடும். கூட வந்த அப்பாரு “இதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்” என்று முணுமுணுப்பார். அவரையும் ஒரு தடவை நிற்க வைத்துவிடுவேன்.

வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் அதிகமில்லை. பாய், கண்ணாடி, கெட்டியான ஜன்னல் கம்பி, பழைய துணியில் தைத்த இரண்டு மூன்று சின்ன அரிசிப் பைகள். மல்லாந்து படுத்துச் செய்யும்போது, புடைத்த பக்க முதுகுக்கு அடியில் ஒரு பை வைத்தால் முறுக்கு கொஞ்சம் எதிர்ப்பக்கம் திரும்பும். எந்தப் பை எந்த இடத்தில் என்று எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். முதல் நாளே பிள்ளையின் மொபைலில் போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

யூடியூப்ல பார்த்துச் செய்யலாங்களா?

வேண்டாம். வலப்பக்க வளைவுக்கு எடுத்த வீடியோவை இடப்பக்க வளைவுள்ள பிள்ளை பார்த்துச் செய்தால் தப்பான பக்கம் பலப்படும். மேலே ஒரு வளைவு, கீழே எதிர்ப்பக்கம் இன்னொரு வளைவு உள்ளவர்களுக்கு இன்னும் சிக்கல்.

தினமும் எவ்வளவு நேரம்? நாமக்கல்ல ஹாஸ்டல்ல சேர்த்திருக்கோமுங்க.

நான் கேட்பது வீட்டில் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். ஆரம்ப வாரங்களில் அடிக்கடி நேரில் வர வேண்டும். நிலை பிடிபட்ட பிறகு மாதம் ஒரு முறை திருத்திக்கொண்டால் போதும்.

வளைவு வேகமாகக் கூடும் வயதும், ஹாஸ்டலில் சேர்த்துக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி ராத்திரி பத்து மணி வரை படிக்க வைக்கும் வயதும் நம்ம பக்கம் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கின்றன. பத்தாவதும் பன்னிரண்டாவதும் முக்கியம்தான், மறுக்கவில்லை. அதற்காக அரை மணி நேரம் ஒதுக்கவே முடியாது என்பதை ஏற்க மாட்டேன். டாக்டரின் கடிதத்தோடு வார்டனை நேரில் பாருங்கள். எந்த நேரம், எந்த இடம், யார் பார்த்துக்கொள்வது என்று எழுதி வாங்குங்கள். இருபது பேர் படுக்கும் ஹாலில் சட்டையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் எந்தப் பிள்ளையும் நிற்காது. ஒரு தனி அறை கேளுங்கள். பிரேஸ் போட்ட பிள்ளைக்கு ஹாஸ்டல் இன்னும் கஷ்டம். ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் வளைவு கூடிக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் வீட்டிலிருந்தே போய்வரும் பள்ளியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கேட்டதும் சில அப்பாக்களின் முகம் சுருங்கும். கட்டிய ஃபீஸ் கண் முன்னால் வந்து நிற்கும் போல.

உட்கார்ந்து படிக்கும் நேரத்தையும் பயிற்சியாக மாற்றலாம். சொல்லிக்கொடுத்த நிலையில் ஒரு பக்கம் முடியும் வரை உட்கார்ந்து படி, பிறகு உன் இஷ்டம்போல் உட்கார் என்றால் பிள்ளைகள் ஒத்துக்கொள்கிறார்கள்.

பிரேஸ் போட்டா நம்ம வெயிலுக்குத் தாங்குங்களா?

கரூர் பரமத்தியும் ஈரோடும் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊர்கள். கெட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள் பிள்ளையை வைப்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் பிரேஸ் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம்தான். பிரேஸுக்குள் வெப்பத்தை அளக்கும் கருவி வைத்துப் பார்த்தபோது, நாளுக்கு சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் தப்பினார்கள். எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். 18, 20 மணி நேரம் என்றும் சொல்லலாம். மணி கூடக் கூடப் பலன் கூடும் என்பதை மட்டும் பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே போடும் பனியனில்தான் பாதி வெற்றி இருக்கிறது. திருப்பூரை வைத்துக்கொண்டு இதற்கு நாம் அலையவே வேண்டியதில்லை. நூறு சதவீதப் பருத்தி, உடம்போடு ஒட்டும் அளவு, பக்கவாட்டில் தையல் இல்லாதது என்று கேளுங்கள். பாடி சைஸ் மெஷினில் குழாய் மாதிரி வட்டமாகப் பின்னிய துணிக்குப் பக்கத் தையல் வராது. ஓவர்லாக் அடித்த தையல் பிரேஸுக்கு அடியில் மாட்டினால் ஒரே நாளில் தோலில் வரி விழுந்துவிடும். லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள். பனியன் பிரேஸின் கீழ் விளிம்பைத் தாண்டி இறங்க வேண்டும், சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் நாளுக்கு மூன்று மாற்றுங்கள். எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் பிரேஸுக்கு அடியில் வேண்டாம், தோல் ஊறிப்போகும். கழற்றிய பிறகு சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால், தோல் உரிந்தால், போட்டுக்கொண்டே சமாளிக்காமல் செய்து கொடுத்தவரிடம் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் விற்கும் எலாஸ்டிக் ‘போஸ்ச்சர் பெல்ட்’ இந்த பிரேஸுக்கு ஈடாகாது. காசு தண்டம்.

மனவளக்கலை, யோகா செய்யறாளுங்க. அது போதாதா?

மனவளக்கலையின் தலைமை இடமான ஆழியாறு பக்கம் இருப்பதால் இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வரும். அதில் சொல்லித்தரும் எளியமுறை உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது, தாராளமாகத் தொடரட்டும். அது இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் செய்வது என்பதால் வளைவுக்கு வைத்தியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆசனங்களில் சக்கராசனம் மாதிரி முதுகை ஆழமாகப் பின்னுக்கு வளைப்பவற்றைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மேல்முதுகு ஏற்கெனவே தட்டையாகிப் போயிருக்கும். அதை இன்னும் தட்டையாக்குவது நமக்கு வேண்டாத வேலை.

எண்ணெய் போட்டு நீவிவிட்டா, கட்டுப் போட்டா எலும்பு எடத்துக்கு வராதுங்களா?

எலும்பு இடம் விட்டு விலகவில்லை, அதனால் இடத்துக்குக் கொண்டுவரவும் எதுவும் இல்லை. வளரும்போதே கோணலாக வளர்ந்திருக்கிறது. நீவிவிட்டால் தசை தளரும், சுகமாக இருக்கும். அம்முச்சி கையால் எண்ணெய்க் குளியல் தாராளமாக நடக்கட்டும். முதுகை மிதிப்பது, சடக்கென்று திருகுவது, கழுத்தை முறிப்பது கூடாது.

கும்மிக்குப் போறா, பையன் கபடி ஆடறான். நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீர்கள். வள்ளி கும்மிப் பழக்கத்துக்குப் போகும் பெண் போகட்டும். மணிக்கணக்கில் ஆடுவதால் மூச்சுக்கும் காலுக்கும் நல்ல வேலை. கபடியும் ஆடலாம். நீச்சல் தெரிந்தால் கிணற்றிலோ வாய்க்காலிலோ நீந்தலாம். பெரியவர்கள் கூட இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீந்தினால் வளைவு நிமிரும் என்பது மட்டும் உண்மையில்லை. கம்பியில் தொங்குவதும் அப்படித்தான்: தொங்கும் வரை நீளும், இறங்கினால் பழையபடி ஆகும்.

எத்தனை தடவைதான் எக்ஸ்ரே எடுக்கறது?

வேகமாக வளரும் காலத்தில் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்று. வளர்ச்சி குறையக் குறைய இடைவெளி கூடும். முடிந்தவரை ஒரே இடத்தில், நிற்க வைத்து, முதுகுப் பக்கமிருந்து கதிர் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். மார்புக்குக் கதிர் குறையும். அளவில் ஐந்து டிகிரி வரை முன்பின் வருவது சகஜம். போன தடவை 21, இந்தத் தடவை 24 என்றால் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. ஐந்துக்கு மேல் மாறினால்தான் நிஜமான மாற்றம்.

வலியே இல்லைன்றா. அப்புறம் எதுக்கு வைத்தியம்?

பெரும்பாலும் வலி இருக்காது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் வளர்ச்சி முடிந்துவிடும். கடுமையான வலி, அதிலும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அதுபோல, காலில் பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, கீழ்முதுகில் முடிக் கொத்து, உடம்பில் பால்காப்பி நிறத் திட்டுகள் நிறைய இருப்பது, மேல்முதுகு வளைவு வழக்கமான வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கம் இருப்பது, பத்து வயதுக்கு முன்பே வளைவு தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் எம்ஆர்ஐ பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. எங்கே போறது, செலவுக்கு என்ன செய்யறது?

முதுகெலும்பு ஆபரேஷனுக்குக் கோயமுத்தூரே பேர்பெற்ற ஊர். சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அரசு பக்கம் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் தொடங்குங்கள். பெருந்துறையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. உங்கள் பிள்ளைக்குச் சொன்ன ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் திட்டத்தின் கீழ் வருகிறதா என்று காப்பீட்டுப் பிரிவில் எழுத்தாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனில் திருகாணியும் கம்பியும் வைத்து வளைந்த பகுதியை நிமிர்த்தி, எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஓரிரு நாளில் எழுந்து நடக்க வைப்போம். அந்த முதல் நடையும், அதற்கு முன்பே கற்றுக்கொடுத்த மூச்சுப் பயிற்சியும் எங்கள் வேலை.

நாளைக்குக் கல்யாணம், கொழந்தை எல்லாம்…

அம்மா மட்டும் தனியாக, பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தடையில்லை. முதுகு வளைந்த பெண்கள் மற்றவர்களைப் போலவே கர்ப்பமாகிப் பெற்றெடுக்கிறார்கள். பிரசவத்தில் முதுகில் ஊசி போட வேண்டி வந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டும், அவ்வளவே. அமெரிக்காவின் அயோவாவில் வைத்தியம் செய்துகொள்ளாதவர்களையே ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முதுகு வலி கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலானோர் வேலை, குடும்பம் என்று சாதாரணமாகவே வாழ்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைப்பதா சொல்வதா என்பது உங்கள் குடும்பத்து விஷயம். கேட்டால் சொல்லிவிடுங்கள் என்பேன். “கல்யாணத்துக்கு முன்னால யாருக்கும் தெரியக்கூடாது” என்று பிரேஸ் போடாமல் விட்ட வீடுகளில், தெரியக்கூடாத அந்த வளைவுதான் கடைசியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற அளவுக்குப் போகிறது.

வளர்ச்சி முடிஞ்சா பயிற்சியை நிறுத்தலாங்களா?

30 டிகிரிக்குள் நின்றுவிட்ட வளைவு அதன் பிறகு கூடுவது அரிது. பிடித்த உடற்பயிற்சி ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும். 50ஐத் தாண்டிய வளைவு வளர்ச்சி முடிந்தும் வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கூடலாம். இடைப்பட்டவர்கள் சில வருடத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேஸை ஒரே நாளில் கழற்றி எறியாமல், மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவோம். அந்த மாதங்களில் பயிற்சி கூடுதலாகத் தேவைப்படும்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டு வரணும்?

இதுவரை எடுத்த எல்லா எக்ஸ்ரேக்களும், பழையதும் சேர்த்து. ரிப்போர்ட் மட்டும் போதாது, படமே வேண்டும். சிடியில் இருந்தாலும் சரி. பள்ளியில் வருடா வருடம் எடுத்த உயர அளவு ரிப்போர்ட் கார்டில் இருந்தால் அது எனக்குப் பொன். மாதவிலக்கு தொடங்கிய தேதி. பிரேஸ் இருந்தால் போட்டுக்கொண்டே வரட்டும். பெண் பிள்ளைக்கு முதுகு திறந்த, பின்னால் நாடா கட்டும் பழைய சட்டை ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள், கூச்சம் குறையும். அம்மாவோ அக்காவோ அறைக்குள் கூடவே இருக்கலாம். வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். வெறும் வயிற்றோடு மூச்சுப் பயிற்சி செய்தால் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும்.